நொண்டிக் குதிரையும் மரத்துப்போகும் ஊசியும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வாரமாக நம் சொந்தத்துக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. "டாக்டருக்குப் படிச்சதும் அந்தப் பையனுக்குத் தலைக்கனம் வந்துருச்சு. படிக்க வெச்ச டீச்சரே போன் போட்டுச் சொல்லியும் கேக்கலையாம்" என்று. அந்த டீச்சர் நான்தான். அந்தப் பையன் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவர், இன்று கால்நடை மருத்துவர். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் செய்ததுதான் சரி. நான் போன் போட்டதுதான் தப்பு. பேச்சு நாலு பேருக்கு முன்னால் நடந்தபடியால் இதையும் நாலு பேருக்கு முன்னால் சொல்கிறேன்.

என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, ரேக்ளா பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறான். வண்டி ஓட்டுவது அவன் மகன். (இதை எழுதுகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். "எழுதுங்க்கா, ஆனா பேரு போட்றாதீங்க" என்றான்.) திருவிழாப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குதிரை நொண்ட ஆரம்பித்தது. பெரிய நொண்டல் இல்லை. நடக்கும்போது தெரியாது, ஓடினால் மட்டும் தெரியும். வீக்கம் இல்லை, சூடு இல்லை, காயம் இல்லை. தம்பி தோள்பட்டையில் பிடிப்பு என்று முடிவு செய்து, ஒரு வாரமாக எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். சரியாகவில்லை. பெரியவர் ஒருவர் வந்து தோளில் சூடு போடச் சொன்னார். அதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிடுவோம் என்று நான்தான் என் மாணவரின் நம்பரைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அன்று நான் பார்த்ததை உங்களுக்கும் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் பாடம் சொன்ன எனக்கே அது ஒரு பாடம்.

முதலில் குதிரையைத் தார்ச் சாலையில் நேராக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொன்னார். "டீச்சர், எந்தக் கால்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். இடது முன்னங்கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கியது. "இடது கால்" என்றேன். சிரித்தார். வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது குதிரை தலையை மேலே தூக்கிக்கொள்ளும், அந்தக் காலின் மேல் பாரம் குறையட்டும் என்று. நல்ல காலை ஊன்றும்போதுதான் தலையை இறக்கும். அதனால் தலை இறங்கும் பக்கம் நல்ல கால், ஏறும் பக்கம் நோவுள்ள கால். எனக்கு முட்டை மார்க்.

எந்தக் கால் என்பது இப்படித் தெரிந்துவிடும். அந்தக் காலில் எந்த இடம் என்பதுதான் கடினம். குதிரை தன் உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. தோள் முதல் குளம்பு வரை எத்தனை எலும்பு, மூட்டு, தசைநார்! அதோடு குதிரை இரையாகும் விலங்கினம். காட்டில் நொண்டிக் காட்டினால் புலி முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. மாட்டைப் போலக் கத்தாது, நாயைப் போலக் காலைத் தூக்கிக் காட்டாது.

இங்கேதான் மரத்துப்போகும் ஊசி வருகிறது. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, லிக்னோகெய்ன், அதேதான். நரம்பு வழியாக வலிச் செய்தி போக வேண்டுமானால் நரம்பு இழைக்குள் சோடியம் நுழைய வேண்டும். மருந்து அந்த நுழைவாசலை அடைத்துவிடுகிறது. கம்பியில் கரண்ட் நின்ற மாதிரி செய்தி மூளைக்குப் போகாது. வலிக்குக் காரணமான புண்ணோ கீறலோ அப்படியேதான் இருக்கும். சேதி மட்டும் வராது. இந்த ஒரு வரியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேண்டும்.

என் மாணவர் குளம்பை இடுக்கி போன்ற கருவியால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். குதிரை ஒன்றும் காட்டவில்லை. பிறகு குளம்புக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம், இரண்டு ஓரமும் ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய ஊசியால் பக்கத்துக்கு ஒன்றரை மில்லி அளவு போட்டார். அங்கே தொட்டுப் பார்த்தால் நரம்பு கயிறு போல விரலில் தட்டுமாம். பத்து நிமிடம் காத்திருந்தார். பேனா முனையால் குளம்புக்கு மேலே பின்பக்கச் சதையை அழுத்தினார். குதிரை அசையவில்லை, மரத்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி நாலு எட்டு ஓட்டச் சொன்னார்.

குதிரை நொண்டவில்லை! தலை ஆடவே இல்லை. எங்கள் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது.

"அப்ப வலி குளம்புக்குள்ளதான் இருக்குங்க மாமா, தோள்ல இல்ல" என்றார் தம்பியிடம். ஒரு வாரம் தோளில் தேய்த்த எண்ணெய் வீண். சூடு போட்டிருந்தால் நோவே இல்லாத இடத்தில் ஒரு புண்ணை உண்டாக்கியிருப்போம். முன்னங்கால் நொண்டல் என்றாலே ஊரில் எல்லோரும் தோளைத்தான் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் குளம்புப் பகுதியில்தான் கோளாறு இருக்கும் என்றார் அவர்.

நான் வாத்தியார் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் கண்ணு, மேலேயே போட்டிருந்தா ஒரே ஊசியில வேலை முடிஞ்சிருக்குமே?" அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே போட்டால் அதற்குக் கீழே எல்லாமே மரத்துவிடும். நொண்டல் நின்றாலும் எந்த இடம் என்று தெரியாது. அதனால் எப்போதும் கீழிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். குளம்பில் போட்டும் நொண்டினால் கொஞ்சம் மேலே, அடுத்து கணு மூட்டுக்கு மேலே, அப்புறம் முழங்காலுக்குக் கீழே, இப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். எந்தப் படியில் நொண்டல் நிற்கிறதோ அதற்கும் முந்தைய படிக்கும் நடுவில் நோவு இருக்கிறது. தப்பான கணக்கை நாம் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருவோமே, அதே முறைதான். மருந்து மெல்ல மேலே பரவும் என்பதால் ஒவ்வொரு முறையும் சீக்கிரமே ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமாம்.

மருந்திலும் தேர்வு இருக்கிறது. லிக்னோகெய்ன் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கிவிடும், ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. மெபிவாகெய்ன் என்பது அந்த அளவு உறுத்தாது, ஒன்றரை இரண்டு மணி நேரம் நிற்கும். அதனால் வெளிநாட்டுக் குதிரை மருத்துவர்கள் நோவு தேட அதைத்தான் விரும்புவார்கள். புபிவாகெய்ன் நாலு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கும், அது அறுவைச் சிகிச்சை சமயத்து வலிக்கு உதவும். நம் டாக்டர் தன் பையில் இருந்த லிக்னோகெய்னைப் போட்டார்.

இந்த மருந்துகளின் கதையைத் தேடிப் படித்தேன். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கண்ணில் கொக்கெய்ன் கரைசலை விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். மரத்துப்போகும் மருந்து வைத்தியத்துக்குள் வந்தது அப்படித்தான். கொக்கெய்னின் கெடுதல் இல்லாத மருந்தைத் தேடித் தேடி, 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னை உருவாக்கினார். 1948-ல் அது விற்பனைக்கு வந்தது. மனிதனின் கண்ணுக்கும் பல்லுக்கும் வந்த நன்மை வாயில்லாத குதிரைக்கும் கிடைத்தது. வலி எங்கே என்று வாய் திறந்து சொல்ல முடியாத உயிரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழி கிடைத்தது. இதை நான் பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

இனிதான் பிரச்சினை ஆரம்பித்தது.

குதிரை நொண்டாமல் ஓடியதைப் பார்த்ததும் தம்பி கேட்டான்: "டாக்டர் தம்பி, பந்தயத்தன்னிக்குக் காலைல வந்து இதே மாதிரி ஒரு ஊசி போட்டுருங்க. பந்தயம் முடிஞ்சதும் எத்தன நாளு வேணும்னாலும் ரெஸ்ட் குடுத்துக்கலாமுங்க."

அவர் முடியாது என்றார். குளம்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவரை லாயத்தை விட்டு இறக்கக் கூடாது, மருந்து இறங்கும் வரை காலில் உணர்வு இருக்காது, அதனால் இப்போதும் நடக்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தம்பிக்குக் கோபம். வருடம் முழுக்கத் தீனி போட்டு வளர்த்தது அந்த ஒரு நாளுக்காகத்தானே என்றான். சாயந்திரம் எனக்குப் போன்: "அக்கா, உங்ககிட்டப் படிச்ச பையன்தானுங்களே. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பான்."

நான் போன் போட்டேன். சொந்தத் தம்பி கேட்கிறானே என்ற பாசம் ஒரு பக்கம். "நான் சொன்னால் கேட்பான்" என்ற பெருமை இன்னொரு பக்கம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஏங்கண்ணு, ஒரு ஊசிதானே? வலி தெரியாம ஓடும், அதுக்கும் நல்லதுதானே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "டீச்சர், வலி எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் அந்த ஊசி போட்டேன். உள்ள என்ன இருக்குன்னு இன்னும் பாக்கலைங்க. உள்ள எலும்புல கீறல் இருந்து, மரத்துப்போன காலோட தார் ரோட்டுல முழு வேகத்துல ஓடுச்சுன்னா, கால் உடையிற வரைக்கும் அதுக்குத் தெரியாது. பின்னால வண்டில உக்காந்திருக்கறது உங்க தம்பி பையன். என்னை மன்னிச்சுக்குங்க டீச்சர்."

போனை வைத்தபின் எனக்கு வெட்கமாகிவிட்டது. வண்டியில் உட்காரப் போகும் பையனை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குளம்புக்குள் இருக்கும் எலும்பின் ஓரத்தில், முடி மாதிரி ஒரு கீறல். முழு வட்டமாக மூடிய லாடம் அடித்து, மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தால் சேர்ந்துவிடும் என்றார். குதிரை இப்போது லாயத்தில் நிற்கிறது. பந்தயத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் கால் உடைந்திருக்குமா என்று கேட்டேன். "உடைஞ்சிருக்கும்னும் சொல்ல முடியாது, உடைஞ்சிருக்காதுன்னும் சொல்ல முடியாதுங்க டீச்சர்" என்றார். பிறகு அவரே சொன்னார், எக்ஸ்ரேயைப் பார்த்ததும் தனக்கே கை நடுங்கிவிட்டது என்று. எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் இந்த ஊசியே போடக் கூடாதாம். வலி நின்றதும் குதிரை முழுப் பாரத்தையும் ஊன்றிவிடும், கீறல் முழு முறிவாகிவிடும். அன்றைக்கு அவருக்கு அந்தச் சந்தேகம் வர ஒரு அறிகுறியும் இல்லை. நாலு எட்டோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. நோவைத் தேடப் போடும் ஊசிக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவை என்றால், பந்தயத்துக்குப் போடும் ஊசியை என்னவென்று சொல்ல?

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். இந்த ஊசி நோவைத் தேடவும், தைக்கும்போதும் அறுக்கும்போதும் துன்பம் தெரியாமல் இருக்கவும் வந்தது. நோவோடு இருக்கும் குதிரையை வேலை வாங்குவதற்காகப் போட்டால் அது வைத்தியம் இல்லை. ஏமாற்று. குதிரையையும் ஏமாற்றுகிறோம், பந்தயம் பார்க்க வந்தவர்களையும் ஏமாற்றுகிறோம், சந்தையாக இருந்தால் வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறோம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கப் போகும் மாணவர்கள் இதை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியதைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

எதிர்வாதம் சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"கிரிக்கெட் வீரர்கள் ஊசி போட்டுக்கொண்டு ஆடுவதில்லையா?" என்று என் பேரன் கேட்டான். அவர் தெரிந்து போட்டுக்கொள்கிறார். கால் போனால் என் கால் என்று முடிவு செய்வது அவர். ஆட்டம் முடிந்ததும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. குதிரையிடம் யார் சம்மதம் கேட்டது?

"வலி தெரியாமல் இருப்பது கருணைதானே?" என்று கேட்டது நானேதான், போனில். வலி நமக்கு எதிரி மாதிரித் தெரிகிறது. ஆனால் அடிபட்ட காலை அழுத்தி ஊன்றாதே என்று சொல்லும் காவல்காரனும் அதுதான். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து போடுவது கருணை ஆகாது. கருணை என்றால் ஓய்வு கொடுக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும்.

"குதிரை ஓடினால்தான் எங்கள் வீட்டில் சோறு" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு அவ்வளவு எளிதில்லை. கடற்கரையிலும் மலை ஊர்களிலும் குதிரை சவாரி வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் குதிரை சும்மா நின்றால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று ஊசி போட்டு ஓட்டினால் நாளை குதிரையே இருக்காது. சீக்கிரம் காட்டினால் சில வாரத்தில் சரியாகும் நோவும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பக்கத்திலேயே எக்ஸ்ரே வசதியுள்ள கால்நடை மருத்துவமனை. 1903-லேயே சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய மாநிலம் நம்முடையது. இது நாம் கேட்டுப் பெற வேண்டிய வசதி.

உலகமும் இதை ஒத்துக்கொண்டுதான் இருக்கிறது. முறையான குதிரைப் பந்தயங்களில், பந்தய நாளில் இந்த மருந்துகள் உடம்பில் இருக்கக் கூடாது, சிறுநீரும் ரத்தமும் எடுத்துச் சோதிப்பார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே சில குதிரைகளிடம் கேப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறொன்றும் இல்லை, நம் மிளகாயின் காரம். தோலில் பூசினால் வலியைக் குறைக்கவும் செய்யும், தோலைக் கூச வைக்கவும் செய்யும். நார்வே அணி வெண்கலப் பதக்கத்தை இழந்தது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நோயாலோ காயத்தாலோ வேலைக்கு லாயக்கில்லாத விலங்கை வேலை வாங்குவது குற்றம் என்று அதன் 11-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் வர மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். ஊசி போட்டு நொண்டலை மறைத்துவிட்டால் குதிரை லாயக்காகிவிடாது.

கிராமத்துப் பந்தயங்களில் இப்படிச் சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் திருவிழாக் கமிட்டிகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தயத்துக்கு முதல் நாளே குதிரைகளை வரவழைத்து, கால்நடை மருத்துவர் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கும் ஒரு முறை பாருங்கள். நொண்டுகிற குதிரை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதுவே முடிவு என்று நோட்டீஸில் அச்சடியுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று.

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று ஒரு பழமொழி உண்டு. என் வகுப்பில் அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வான். காரணம் கேட்டால் ஏதேதோ சொல்வான். இந்தப் பழமொழியைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன், ஸ்கேலாலும் தட்டினேன். சில நாளில் தலை சாய்ப்பதை நிறுத்திவிட்டான். திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். அரைப் பரீட்சை லீவு முடிந்து அவன் அம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, காதில் சீழ் வைத்து மாதக்கணக்காக வலி. அவன் நிறுத்தியது தலை சாய்ப்பதை மட்டும்தான். வலி உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு காது கொஞ்சம் மந்தமாகவே நின்றுவிட்டது. அவன் இதைப் படிப்பான். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

அந்தக் குதிரை சாக்குச் சொல்லவில்லை. அதன் நொண்டல்தான் அதன் பேச்சு. என் மாணவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

கண்ணு, நீ செய்தது சரி. டீச்சர் போன் போட்டது தப்பு.

வீட்டில் ஆடு, மாடு, குதிரை, நாய் வைத்திருப்பவர்கள் அது நொண்டினால் கீழே எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். தம்பியின் குதிரை சேர்ந்து வந்ததும் அதையும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்